ஒற்றைப் பாறையில் மீன் எப்படி இருக்கிறது?

சால்மி கிராமம்
1954 செப்டம்பர் 26, ஞாயிறு

அன்புள்ள ரெய்னோவுக்கு ஹில்யா அத்தை எழுதுவது. தேவ சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.

நான்கு மாதமாக நீ இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. துலூத் பட்டணத்தில் மை விலை அதிகம்போல. பரவாயில்லை, நான் உனக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் சுகம் என்று முதலில் எழுத வேண்டும், அதுதான் முறை. ஆனால் போதகர் ஹெய்க்கினென் இன்று காலைதான் பொய்யைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அதனால் எழுதவில்லை. சுகமில்லை, ரெய்னோ.

ஏரியில் அந்தப் பிசாசு வந்துவிட்டது. உன் மீன்வள அலுவலகத்தில் லாம்ப்ரே என்று சொல்வீர்கள், மீனில் ஒட்டி ரத்தம் குடிக்கிற அதை நாங்கள் உறிஞ்சி என்கிறோம். போன வருஷம் அங்கொன்று இங்கொன்று என்று கேள்விப்பட்டோம். இந்த வருஷம் வலையை இழுத்தால் பத்து டிரவுட் மீனில் ஏழில் ஓட்டை. ஜூலையில் சிக்காகோவிலிருந்து தூண்டிலோடு வந்த கனவான் ஒருவர் நல்ல பெரிய டிரவுட் பிடித்தாராம். அதன் கழுத்தில் இது தொங்குவதைப் பார்த்துத் தூண்டில், மீன், தொப்பி எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விட்டார். தொப்பியை மட்டும் பக்கத்து வீட்டு ஊர்போ எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும். அன்று மாமா சூப்புக்கென்று ஒரு டிரவுட்டைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு மீனைத் திருப்பினேன். வயிற்றின் அடியில் ஒரு முழத்துக்கு அது தொங்குகிறது. தாடை என்று ஒன்று இல்லை. வாய் மட்டும்தான், வட்டமாக, உள்ளே சுற்றிச் சுற்றிப் பல். பிடித்து இழுத்தேன். மீனை விட்டுவிட்டு என் ரப்பர் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் மாடு இரண்டு நாள் பால் சுரக்கவில்லை என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீனில் அது இருந்த இடத்தில் அரை டாலர் காசு அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியாக உள்ளே இருப்பது தெரிந்தது. மீன் அப்போதும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் கப்பல் ஏறுவதற்கு முன் பழைய நாட்டில் என் அம்மா ஆற்று உறிஞ்சியைக் கரியில் சுட்டு, உப்புப் போட்டு, விரலை நக்கிக்கொண்டு தின்றவள். அந்த ஞாபகத்தில் மாமா இதையும் சவுனா நீராவி அறையின் அடுப்புக் கரியில் வாட்டினார். ஒரு கடி கடித்தார். துப்பினார். “அங்க நாம அதத் தின்னோம், இங்க அது நம்மளத் தின்னுது. சரியாப் போச்சு போ, ஹில்யா” என்றார்.

லாரிக்காரன் ஓட்டை விழுந்த மீனை எடுப்பதில்லை. அதனால் மாமா இப்போது ஒற்றைப் பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். அங்கே தண்ணீர் ஆழம், குளிர்ச்சி, உறிஞ்சி அவ்வளவு தூரம் போயிருக்காது என்கிறார். கரையிலிருந்து நாற்பது மைல். நம் படகு இருபத்திரண்டு அடி. எஞ்சினை உனக்கே தெரியும், அது ஓடுவதே ஜெபத்தால்தான். நவம்பரில் டிரவுட் முட்டையிட அந்தத் திட்டுக்கு வரும், அப்போதுதான் போக வேண்டும் என்கிறார். நவம்பரில், ரெய்னோ. உன் அப்பா மூழ்கிய மாதம். பதினெட்டு வருஷமாகிறது, என் அண்ணனை அந்த ஏரி இன்னும் திருப்பித் தரவில்லை. அதன் குளிரில் உடம்பு மேலே வராது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் நான் ஒவ்வொரு வசந்தத்திலும் கரையைப் பார்க்கிறேன்.

உங்கள் ஆய்வுக் கப்பல் ஒற்றைப் பாறைக்குப் போனதாகப் பேப்பரில் இருந்தது. அங்கே மீன் எப்படி இருக்கிறது என்று மாமா கேட்கச் சொன்னார். தான் கேட்கச் சொன்னதாக எழுதக் கூடாது என்றும் சொன்னார். எழுதிவிட்டேன். நீ படகை விட்டுவிட்டு அரசாங்க வேலைக்குப் போன கோபம் நான்கு வருஷமாகியும் அவருக்கு ஆறவில்லை. காகித மீனவன் என்றுதான் உன்னைச் சொல்கிறார். ஆனால் நீ சொல்வதைத்தான் நம்புவார்.

கம்பளி உள்சட்டை போடு.

அத்தை ஹில்யா

*

துலூத்
1954 அக்டோபர் 3

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒற்றைப் பாறையில் வலை போட்டோம். அங்கும் இதே நிலைதான். முப்பது டிரவுட் கிடைத்தன, இருபத்தாறில் காயம். கரைப் பக்கத்தை விட மோசம் என்று சொல்லலாம்.

எனவே மாமா அங்கே போவதில் பயன் இல்லை. பெட்ரோலுக்கும் ஆபத்துக்கும் ஏற்றதாக எதுவும் கிடைக்காது. நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உள்சட்டை போடுகிறேன்.

ரெய்னோ

*

சால்மி
1954 அக்டோபர் 17, ஞாயிறு

அன்புள்ள ரெய்னோ, தேவ சமாதானம்.

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கட்டி கரைந்து போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் ஆழ்நீர் வலைகளை மடித்துப் பரணில் ஏற்றினார். நான் மாட்டுக்கொட்டகையில் போய் முழங்காலில் நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சாணத்தில் நின்றேன், அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

ஊர்போ, மாமாவோடு இருபது வருஷம் ஒரே படகில் போனவர், ஒற்றைப் பாறைக்கு வரவே மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டார், அந்தத் தொப்பியோடு. மாமா தனியாகக் கரைப் பக்கம் வலை போடுகிறார், ஓட்டை மீனைக் கொண்டுவருகிறார், நான் ஓட்டையைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு உப்புப் போடுகிறேன். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்பதில்லை. வீட்டுக்குத் தேவையான விறகு மூன்று குளிர்காலத்துக்கு வெட்டியாகிவிட்டது, இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

சபையில் சிலர் உன் கடிதத்தைச் சந்தேகப்பட்டார்கள். அரசாங்கக்காரன் வேண்டுமென்றே மீனவனைக் கரையில் உட்கார வைக்கிறான் என்று பேச்சு. மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார். “அவன் படகுக்கு லாயக்கில்ல, வலை கட்டத் தெரியாது, முடிச்சுப் போட்டா அவுந்துடும். ஆனா பொய் சொல்ல மாட்டான். என் வீட்ல வளந்தவன்” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் எழுந்து நின்று, இந்தப் பிள்ளையின் உண்மையால் கர்த்தர் என் புருஷனைக் காப்பாற்றினார் என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னேன்.

உனக்கு ரை தானிய ரொட்டி அனுப்புகிறேன். கல்லாகிப் போனால் காப்பியில் ஊற வை.

அத்தை

*

துலூத்
1954 அக்டோபர் 28

அத்தை,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஒற்றைப் பாறையில் கிடைத்த முப்பது டிரவுட்டிலும் ஒரு காயம்கூட இல்லை. வயிறு வெள்ளை வெளேரென்று, எல்லாம் கொழுத்த மீன். கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதை நோட்டில் எழுதினேன். பிறகு உங்களுக்கு வேறு விதமாக எழுதினேன்.

உண்மையை எழுதினால் மாமா போவார். அப்பா அந்தத் திட்டிலிருந்து திரும்பும்போதுதான் போனார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் ஜன்னலோரம் நின்ற நாலு நாளும் நான் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அது வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. டிரவுட்டோடு ஒரு லாம்ப்ரேயை விட்டு எத்தனை நாளில் சாகிறது என்று பார்ப்பது என் வேலை. அது ஒட்டிய முதல் நிமிஷம் மீன் துள்ளும். பிறகு துள்ளாது. வழக்கம்போல நீந்தும், தின்னும், அதோடேயே சுற்றி வரும். நிறம் மட்டும் நாளுக்கு நாள் வெளுக்கும். என்னால் இப்போது அந்த அறைக்குள் போக முடியவில்லை.

நீங்கள் சபையில் எனக்காகச் சாட்சி சொன்னதைப் படித்த பிறகு தூங்கவில்லை. நான் சபைக்குப் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது, உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்களிடம் கேட்கிறேன். சபையில் ஒருவருக்கொருவர் சொல்லும் அந்த மன்னிப்பு வார்த்தையை எழுதி அனுப்புங்கள். மாமாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். டிசம்பரில் கரையோரம் பனி உறைந்து படகு நகர முடியாமல் போகட்டும், பிறகு நானே வந்து சொல்கிறேன். அதுவரை உங்களோடு இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரெய்னோ

*

சால்மி
1954 நவம்பர் 4, வியாழன்

ரெய்னோ,

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. மாவுத் தொட்டியில் புதைத்து வைத்தேன். மூன்று நாள் ரொட்டி சுடவில்லை. எதற்குச் சுடவில்லை என்று மாமா கேட்டார், மாவு ஈரமாகிவிட்டது என்றேன். பார், ஒரு பொய் வந்தால் அடுத்தது தானாக வருகிறது.

நீ கேட்டதை நான் கொடுத்திருப்பேன். ஆனால் நம் சபையின் முறை உனக்குத் தெரியாதா? யாரிடம் பாவம் செய்தாயோ அவர் வாயால்தான் மன்னிப்பு வர வேண்டும். பொய் சொன்னது அவரிடம். அவர் கையிலிருக்கிற மன்னிப்பின் சாவியை நான் எடுத்து எப்படித் திறப்பேன்? நான் உனக்கு வார்த்தையை எழுதி அனுப்பி, அது செல்லாமல், பனி உறைவதற்குள் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? துலூத்தில் கார்கள் எப்படிப் போகின்றன என்று பார்த்திருக்கிறேன். உன் ஆத்துமா ஒரு பக்கம், அவர் உயிர் ஒரு பக்கம். தராசைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில். மூன்று நாள் நான் ஜெபித்தது கர்த்தருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் படித்துக் காட்டினேன்.

முழுசாகக் கேட்டார். உன் அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு காகிதத்தின் மேல் கையை வைத்தார். நீயே எதிரில் உட்கார்ந்திருப்பது மாதிரி, “இயேசுவின் நாமத்துலயும் ரத்தத்துலயும் உன் பாவம் மன்னிக்கப்பட்டுதுன்னு நம்பு, மருமகனே” என்றார். மருமகனே என்று அவர் சொல்லி நான்கு வருஷமாகிறது. அழுதார். நானும் அழுதேன். அந்த ஐந்து நிமிஷம் இந்த வீட்டில் சொர்க்கம் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

ஆறாவது நிமிஷம் பரணுக்கு ஏணியைச் சாய்த்தார்.

முப்பதில் முப்பதும் நல்ல மீன் என்று சொல்லிக்கொண்டே வலையை இறக்கினார். இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது முகம். சனிக்கிழமை விடியும்போது கிளம்புகிறார், தனியாக. நான் போக வேண்டாம் என்றேன். “பையன் உண்மையச் சொல்லிட்டான். கர்த்தர் காட்டுன மீன நான் போய் எடுக்காம இருக்கச் சொல்றியா?” என்றார். நீ மன்னிக்கப்பட்டாய். அதை மட்டும் பிடித்துக்கொள்.

அத்தை

*

துலூத்
1954 நவம்பர் 6, சனி

அத்தை,

காலைத் தபாலில் வந்தது. மாமா இந்நேரம் போயிருப்பார். ஊர்க் கடைக்குப் போன் போட்டேன், கம்பி அறுந்திருக்கிறது என்றார்கள். கடலோரக் காவலுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே காற்றழுத்தமானி நேற்று மத்தியானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

பனி உறையும் வரை வைத்திருங்கள் என்றுதானே கேட்டேன். ஒரு மாதம். என் ஆத்துமா ஒரு மாதம் காத்திருக்காதா? உங்கள் முறை, உங்கள் சாவி, உங்கள் தராசு. நான் உங்களிடம் கேட்டது ஒரு வரி.

எனக்கு எழுதாதீர்கள். இல்லை, எழுதுங்கள். அவர் வந்ததும் தந்தி கொடுங்கள்.

ரெய்னோ

*

சால்மி
1954 நவம்பர் 9, செவ்வாய்

ரெய்னோ,

தந்தி கொடுக்க எதுவும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ரொட்டி, பன்றி இறைச்சி, காப்பி கொடுத்தேன். பழைய கையுறையைப் போட்டுக்கொண்டார், புதிசு மீனுக்கு அநியாயம் என்றார். ஞாயிறு மத்தியானம் வடமேற்குக் காற்று தொடங்கியது. பிறகு பனி. ஜன்னலில் நின்றால் வேலிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ஏரி சத்தம் மட்டும் வருகிறது, பாறையை யாரோ இழுத்துப் போடுகிற மாதிரி.

காவல் படகு நேற்றுப் போனது. பனியில் தன் முன்பக்கமே தெரியவில்லை என்று திரும்பியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பெண்டாட்டிகள் உண்டு.

காலையில் போதகரின் மனைவி ஏலக்காய் ரொட்டி நாலு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒருத்தருக்கு நாலு ரொட்டி எதற்கு? துக்க வீட்டுக்கு வருபவர்களுக்கு வைப்பதுதான் அது. “இன்னும் இல்லம்மா, எடுத்துட்டுப் போங்க” என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுப்பில் காப்பி வைத்தபடியே இருக்கிறேன், வற்றினால் தண்ணீர் ஊற்றுகிறேன். ஜெபிக்க முழங்காலில் நிற்கிறேன், வார்த்தை வரவில்லை. உன் ஹில்யா அத்தைக்கு வார்த்தை வரவில்லை என்றால் நீயே பார்த்துக்கொள். அந்தத் தொட்டி மீனைப் பற்றி ஏன் எனக்கு எழுதினாய்? கண்ணை மூடினால் அதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

நீ கோபித்தது சரி. நானும் என் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். இப்போது தபால்காரர் வந்துவிட்டார்.

அத்தை

*

சால்மி
1954 நவம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள ரெய்னோ,

தந்தியில் உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு வார்த்தைதான் கொடுக்க முடிந்தது. மீதியை இப்போது எழுதுகிறேன். இதை நீயும் தனியாகப் படி.

திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. காற்று அவரை ஓநாய்த் தீவின் மறைவுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன குடிசையில் நாலு நாள். வியாழக்கிழமை காவல் படகு புகையைப் பார்த்தது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. டாக்டர் வெட்டும்போது, மீன் வெட்ட வலது கை போதும் என்று சொன்னாராம்.

வந்து இரண்டு நாள் படுக்கையில்தான் கிடந்தார். சவுனா சூடேற்றித் துடைத்து விட்டேன், சூப் ஊட்டினேன், வாயைத் திறந்தார், மூடினார். மீனைப் பற்றி நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சொன்னார். வலை நிறைய வந்ததாம். இழுக்க இழுக்க வந்ததாம். முதல் மீனில் ஓட்டை. இரண்டாவதில் இரண்டு. சிலதில் உறிஞ்சி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, படகுப் பலகையில் விழுந்து அவர் பூட்ஸில் ஒட்டியது. நல்ல மீன் நாலே நாலு. அந்த நாலையும் தீவில் சுட்டுத் தின்றுதான் உயிர் பிழைத்தார். மீதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

“பையன் பொய்யே சொல்லல, ஹில்யா. ஒரு மாசம் முந்திச் சொல்லிட்டான், அவ்வளவுதான்.” இதை உனக்கு எழுதச் சொன்னார். தான் சொன்னதாகவே எழுதச் சொன்னார்.

ஊரே இந்தச் செய்தியில் உட்கார்ந்துவிட்டது. ஒற்றைப் பாறையும் போய்விட்டால் இந்தக் கரையில் பதினோரு வீட்டுக்கும் பிழைப்பு இல்லை. வசந்தத்தில் தானும் போகலாம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் வைத்திருந்தார்கள்போல. இப்போது முகாமுக்குப் போகிறார்கள், டெட்ராய்ட்டுக்குப் போகிறார்கள். எங்கே பார்த்தாலும் பெட்டி கட்டுகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் மாவுத் தொட்டியில் கிடந்த அந்த மூன்று நாளும் நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? மாமாவைக் காப்பாற்றும் என்று ஜெபிக்கவில்லை. கர்த்தரே, அந்த உறிஞ்சிகளை ஒற்றைப் பாறைக்கும் அனுப்பும் என்று ஜெபித்தேன். நான் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதற்கு முன்பே அனுப்பும், அங்கே ஒரு நல்ல மீனைக்கூட விட்டு வைக்காதேயும், பிள்ளை சொன்ன பொய்யை நீரே மெய்யாக்கும், அப்போது யாரும் போக மாட்டார்கள் என்று. வாய்விட்டுச் சொன்னேன். மூன்று நாள், காலையும் மாலையும். ஊர்போவின் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று நினைக்கவில்லை. கேட்டது கிடைத்தது. கேட்ட நேரத்திலேயோ, மாமா கிளம்பிய பிறகோ, எனக்குத் தெரியாது. நல்ல மீன் நாலு மட்டும் கர்த்தர் விட்டு வைத்தார். மாமா தின்ன அளவு. அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் குளிர்கிறது, ரெய்னோ. யாரோ ஒருவர் என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறார். ஐம்பத்தாறு வருஷமாக ஜெபிக்கிறேன், அவர் கேட்கிறார் என்று எனக்கு இப்படிப் பயமாக இருந்ததில்லை.

சபையில் எழுந்து சொல்ல வேண்டும். முடியவில்லை. அத்தனை வீட்டிடமும் பாவம் செய்தேன், அத்தனை பேரிடமும் போய்க் கேட்க வேண்டும். என் முறை, என் சாவி. மாமாவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அந்தக் கையின் கட்டைப் பார்த்தேன், மூடிவிட்டேன். உன்னிடம் நான் கொடுக்காததை உன்னிடமே கேட்கிறேன். வார்த்தையை எழுதி அனுப்பு. நீ நம்பாவிட்டாலும் எழுது. எப்படிச் சொல்வது என்று மறந்திருக்க மாட்டாய்.

அத்தை ஹில்யா

*

துலூத்
1954 நவம்பர் 24

அன்புள்ள அத்தைக்கு,

லாம்ப்ரே ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும், எத்தனை வாரத்தில் ஒரு திட்டை எட்டும் என்று என்னால் இரண்டு பக்கம் எழுத முடியும். எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நீங்கள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

இயேசுவின் நாமத்தினாலும் இரத்தத்தினாலும் உங்கள் பாவங்களெல்லாம் மன்னிக்கப்பட்டன என்று விசுவாசியுங்கள், அத்தை.

காகிதத்தில் வந்தது செல்லுமா, சபையை விட்டுப் போனவன் எழுதினால் செல்லுமா என்று நீங்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நேரிலும் சொல்கிறேன். பிறகு அந்தப் பதினோரு வீட்டுக்கும் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கூட வருகிறேன்.

ரெய்னோ